என்.எம்.ஓ: தங்கை நன்றாக இருக்கிறாள், மாத்திரையை நிறுத்தலாமா?

கேட்டவர்: தாமரை
தங்கைக்குப் போன வருடம் ஒரு கண் மங்கியது. அது தேறுவதற்குள் இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. ரத்தத்தில் அக்வாபோரின்-4 எதிர்ப்பான் (உடம்பின் சொந்தப் புரதத்தையே தாக்கும் ஆன்டிபாடி) இருந்ததால் நியூரோமைலிட்டிஸ் ஆப்டிகா (என்.எம்.ஓ) என்றார்கள், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நோயாம். இப்போது எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசாதயோப்ரின் மாத்திரை, கூடவே ஸ்டீராய்டு. நன்றாக நடக்கிறாள். ஆனால் ஸ்டீராய்டால் முகம் உப்பிவிட்டதால் கண்ணாடி பார்ப்பதையே விட்டுவிட்டாள். "எல்லாம் சரியாகிவிட்டதே, இன்னும் எதற்கு மாத்திரை?" என்கிறாள். என்ன சொல்வது?

நடைபழகி
நானும் அதே நோய்க்காரிதான், ஊன்றுகோலோடு நடக்கிறேன். அந்த உப்பிய முகம் எனக்கும் இருந்தது. அளவு குறையக் குறைய வடிந்துவிடும் என்று முதலில் சொல்லுங்கள்.

இந்த நோய் பெரும்பாலும் தாக்குதல் இல்லாத நாட்களில் சும்மா இருக்கும். வரும்போது மொத்தமாக வரும், போகும்போது கொஞ்சம் பார்வையையோ கால் பலத்தையோ எடுத்துக்கொண்டு போகும். ஊனம் சேர்வது அப்படித்தான். அதனால் அடுத்ததை வரவிடாமல் வைப்பதுதான் வைத்தியமே. அவள் நன்றாக இருப்பதில் அந்த மாத்திரைக்கும் பங்கு உண்டு. எதிர்ப்பான் இருப்பவர்களுக்கு முதல் தாக்குதலிலிருந்தே நீண்டகால மருந்து தருவது இதற்காகத்தான்.

அசாதயோப்ரின் முழுதாக வேலை செய்யப் பல மாதங்கள் ஆகும். அதுவரை காவலுக்குத்தான் ஸ்டீராய்டு. அதை டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். திடீரென விட்டால், நோய் திரும்புவது ஒருபுறம் இருக்க, உடம்பு தானாகக் கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்க முடியாமல் தடுமாறும்.

மருந்தாளர்
அசாதயோப்ரினுக்கு ரத்த அணுக்கள், கல்லீரல் பரிசோதனை தவறக்கூடாது. அந்த மாத்திரை போதாவிட்டால் ரிட்டுக்சிமாப் என்ற மருந்து உண்டு. அதற்கு முன் ஹெபடைட்டிஸ் பி சோதனை அவசியம். எக்குலிசுமாப் என்று இன்னொரு மருந்தும் உண்டு, அதன் ஆய்வில் மருந்து எடுத்த 96 பேரில் 3 பேருக்குத்தான் தாக்குதல் திரும்பியது. வெற்று மருந்து எடுத்த 47 பேரில் 20 பேருக்கு. 2019-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. விலைதான் எட்டாக்கனி. மெனிங்கோகாக்கஸ் தடுப்பூசியும் முன்பே போட வேண்டும். இன்னொன்று: இதைப் போலவே தோன்றும் இன்னொரு நரம்பு நோயான மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்குத் தரும் இன்டர்ஃபெரான் பீட்டா, ஃபிங்கோலிமோட் போன்றவை இந்த நோயை மோசமாக்கலாம். புது டாக்டரிடம் போனால் எதிர்ப்பான் அறிக்கையை முதலில் நீட்டுங்கள்.

தாமரை
நன்றி. போன வாரம் காய்ச்சலில் கால் மறுபடி மரத்தது, பயந்துபோனோம். காய்ச்சல் விட்டதும் சரியாகிவிட்டது.

நடைபழகி
அது பெரும்பாலும் பழைய காயம் சூட்டில் தலைகாட்டுவது. எனக்குச் சிறுநீர்த் தொற்று வந்தாலே கால் கனக்கும். ஆனாலும் டாக்டர் காதில் போட்டுவையுங்கள். இந்த மருந்துகளில் இருப்பவர்களுக்குக் காய்ச்சலே அலட்சியப்படுத்தக்கூடாத விஷயம்.

காய்ச்சல் இல்லாமல் புதிதாக மரத்தல், கண்வலியோடு மங்கல், நிற்காத விக்கல் அல்லது வாந்தி வந்தால் உடனே மருத்துவமனை. ஆமாம், விக்கலும்தான், மூளைத்தண்டில் வந்தால் அப்படித்தான் தொடங்கும். என்னை முதலில் வயிற்று டாக்டரிடம்தான் அனுப்பினார்கள்! ரத்தக்குழாய் வழியாக மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு தருவார்கள். பிளாஸ்மா மாற்று (ரத்தத்திலிருந்து எதிர்ப்பான்களை நீக்கும் சிகிச்சை) வேண்டுமா என்பதையும் தள்ளிப்போடாமல் கேளுங்கள், சீக்கிரம் செய்தால்தான் பலன் அதிகம்.