பொருள்: ‘கணு’ என்றால் எந்தக் கணு? அறை ஒத்ததிர்வு ஒலி நிறுவலுக்கான சொற்கள்

அன்பர்களுக்கு வணக்கம்.

மைக்கையும் ஸ்பீக்கரையும் சுற்றாக இணைத்து ஓர் அறையையே ஒலிக்கவைக்கும் நிறுவலுக்குச் சொற்கள் வேண்டும். ரூம் மோடுக்கு (அறை தானே பெருக்கி ஒலிக்கும் அதிர்வெண்ணுக்கு) ‘அறைச்சுரம்’, அப்போது அறையில் சத்தம் அடங்கும் இடத்துக்குக் ‘கணு’. நிலை அலை (ஓடாமல் ஒரே இடத்தில் நின்று அதிரும் அலை) பாடத்தில் கணு, எதிர்க்கணு ஏற்கெனவே இருப்பதால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.
— கோத்தகிரி

---

ஐயா, அறைச்சுரம் நன்றாக இருக்கிறது. ‘கார்வை’யைவிட மேல், இசையில் கார்வை, சுரம் நீடிக்கும் நேரத்தைச் சொல்லும், நமக்கு வேண்டியது அதிர்வெண்.

கணுவை மட்டும் அப்படியே எடுக்க வேண்டாம். பாடநூலின் கணு, காற்றுத் துகள் அசையாத இடம்; எதிர்க்கணு, அது மிகுதியாக அசையும் இடம். சுவரை ஒட்டித் துகள் நகர வழியில்லை. அதனாலேயே அழுத்தத்தின் ஏற்ற இறக்கம் அங்கே உச்சம். நம் காதுக்கும் மைக்குக்கும் எட்டுவது அழுத்தம். ஆக, பாடநூல்படி கணுவில்தான் சத்தம் அதிகம்!

6 மீட்டர் நீளக் கல் அறையில், 20 டிகிரியில் மூன்றாம் அறைச்சுரம் 85.8 ஹெர்ட்ஸ் (ஒலியின் வேகமான 343-ஐ, நீளத்தின் இரு மடங்கான 12-ஆல் வகுத்து, 3-ஆல் பெருக்கியது). அது அடங்குவது சுவரிலிருந்து 1, 3, 5 மீட்டரில். வரைபடத்தில் ‘எதிர்க்கணுவில் மைக்’ என்று எழுதினால், பாடநூல் படித்தவர் 3 மீட்டரில், அறை நடுவில் மாட்டுவார். நீளவாக்கில் முதல் சுரமும் மூன்றாம் சுரமும் அந்த மைக்குக்கு வராது. கெயினை (ஒலிப்பெருக்க அளவை) ஏற்ற ஏற்ற எங்கிருந்தோ ஒரு கீச்சு முந்திக்கொள்ளும்.

அழுத்தம் மாறாத, சத்தம் அடங்கும் இடத்தை ‘அழுத்தக் கணு’ என்றே எழுதுவோம். மைக்கும் ஸ்பீக்கரும் எதிரெதிர் மூலைகளில். எல்லாச் சுரங்களுக்கும் மூலையில் அழுத்தம் உச்சம். 200 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டும் ஃபில்டர், பிறகு ஒலி எல்லை மீறாமல் தடுக்கும் லிமிட்டர். கெயினை மெல்ல ஏற்ற வேண்டும், இல்லையேல் கூரைத் தகரம்தான் முதலில் பேசும்.
— கொடைக்கானல்

---

‘அழுத்தக் கணு’ எனக்கும் சம்மதம். ஆனால் அறைச்சுரத்தின் விளக்கத்தில் வெப்பநிலை வந்தே ஆக வேண்டும். ஒலியின் வேகத்தை மாற்றுவது மலையின் உயரமல்ல, குளிர். 10 டிகிரியில் வேகம் நொடிக்கு சுமார் 337 மீட்டர், அந்த 85.8, 84.3 ஆக இறங்கிவிடும். எதிர்முழக்கம் (ஒலி நின்றபின் தொடரும் முழக்கம்) 2 நொடி நிற்கும் அறையில் ஒத்ததிர்வு எழும் அதிர்வெண் பரப்பின் அகலமே ஏறக்குறைய 1 ஹெர்ட்ஸ். மதியம் ஆசிலேட்டரில் (ஒரே அதிர்வெண்ணில் ஒலி எழுப்பும் கருவியில்) பூட்டிய சுரம் இரவில் சோர்ந்துபோவது இதனால்தான். மைக்–ஸ்பீக்கர் சுற்றில் இந்தக் கவலை குறைவு, அது சுரத்தோடு நகரும். மைக்கில் மட்டும் பனி ஈரம் கோக்க விடக்கூடாது, பொரியும்.

என் வரைவு: ‘அறைச்சுரம்: ஓர் அறையின் அளவும் காற்றின் வெப்பநிலையும் சேர்ந்து தீர்மானிக்கும் ஒத்ததிர்வு அதிர்வெண்களில் ஒன்று.’ திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.
— கோத்தகிரி