உப்புவெளிப் பட்டறைக்குப் பற்றரிக் கருவிகள் போதுமா?

உப்புவெளி ஓடாவி:
அனைவருக்கும் வணக்கம். அப்பாவிடமிருந்து என் கைக்கு வந்த சிறிய தச்சுப் பட்டறை ஒன்றைத் திருகோணமலை உப்புவெளியில் நடத்துகிறேன். முதிரையிலும் தேக்கிலும் கதவு, யன்னல், நிலை செய்வதே முதன்மையான வேலை. ஆனால் கடந்த இரண்டு வருடங்களாக மாதத்தில் பத்து நாளாவது நிலாவெளிப் பக்கத்து விடுதிகளுக்குப் போய்க் கதவு பொருத்தவும், உக்கிய கூரை மரங்களைக் கழற்றி மாற்றவும் வேண்டியிருக்கிறது. என்னிடமுள்ள ட்ரில், கிரைண்டர், வட்டவாள், மின் சீவுளி ஆகிய நான்கும் வயர்க் கருவிகள். முதல் இரண்டும் ஆயுள் முடியும் நிலைக்கு வந்துவிட்டன. அடுத்த மாதம் கனடாவிலிருந்து வரும் என் தம்பி, நான்கையும் ஒரே பற்றரியில் ஓடும் தொகுதியாக வாங்கி வருவதாகச் சொல்கிறான். வயர்க் கருவிகளை முற்றாகக் கைவிடுவது சரியான முடிவாகுமா என்பதை, இரண்டையும் கையாண்ட உங்களிடம் கேட்டு அறிய விரும்புகிறேன்.

கிண்ணியாப் படகுத் திருத்துநர்:
தம்பி, மாறுங்கள் என்பதே என் பதில். நான் பைபர் படகு திருத்துபவன். கரையில் இழுத்து வைத்த படகுக்குப் பக்கத்தில் பிளக் எதுவும் இருப்பதில்லை. 2021 வரை, பக்கத்து வீட்டில் கேட்டு வயர் இழுத்து, அது ஈரமணலில் படாதபடி ஒரு பையனைக் கவைத்தடியோடு நிற்கவைத்துத்தான் வேலை செய்தேன். அலை ஒன்று வழக்கத்தை விட இரண்டு முழம் மேலே ஏறி வந்தால், கிரைண்டரை நிறுத்துவதற்கு முன்பே என் கண் அந்தப் பையனின் காலைத்தான் தேடும். அந்தப் பயத்தோடு செய்த வேலை எதுவும் எனக்குத் திருப்தியாக அமைந்ததில்லை.

இப்போது 18 வோல்ட் கிரைண்டரும் ட்ரில்லும் 5 அம்பியர் மணிப் பற்றரிகள் மூன்றும் வைத்திருக்கிறேன். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்களிலும், மின்சாரம் வந்த இடைவெளிகளில் மூன்றையும் நிரப்பி வைத்துக்கொண்டு தொழிலை நிறுத்தாமல் நடத்தினேன். செலவும் பெரிதில்லை. 18 வோல்ட்டை 5 அம்பியர் மணியால் பெருக்கினால், அத்தகைய பற்றரி ஒன்றின் கொள்ளளவு 90 வாட் மணி. சார்ஜரில் வீணாவதையும் சேர்த்துக்கொண்டால் ஏறத்தாழ பத்துத் தடவை நிரப்ப ஓர் அலகு மின்சாரம் ஆகும். இன்னொன்றையும் கவனியுங்கள். பைபர்த் தூள் என் பழைய வயர்க் கிரைண்டர்களின் காபன் பிரஷ்களை அரித்துத் தின்றது. இப்போது நான் வைத்திருக்கும் பற்றரிக் கருவிகளின் மோட்டரில் காபன் பிரஷ்ஷே கிடையாது.

சீனக்குடா வயர்மன்:
கடற்கரை வேலையைப் பற்றிக் கிண்ணியா நானா சொல்வது முழுவதும் உண்மை. ஆனால் கேள்வி கேட்ட தம்பி மாதத்தில் இருபது நாள் பட்டறைக்குள் நிற்பவர். அங்கே சுவரில் 230 வோல்ட் இருக்கும்போது 18 வோல்ட்டை நம்பி நிற்பது வீண் செலவு என்பதைக் கணக்கோடு சொல்கிறேன்.

850 வாட் இழுக்கும் கிரைண்டர் ஒன்றை முழுப் பாரத்தில் ஓட்டினால், 90 வாட் மணிப் பற்றரி ஆறு நிமிடத்தில் தீர்ந்துவிடும். அது மட்டுமன்றி, அந்த 850 வாட்டுக்காக 18 வோல்ட் பற்றரி 47 அம்பியர் கொடுக்க வேண்டும். அதே வலுவுக்குச் சுவர் வயரில் 4 அம்பியர் கூட ஓடாது. பற்றரிக்குள்ளே ஐந்து ஐந்தாக இரண்டு வரிசையில் இருக்கும் பத்து செல்களில் ஒவ்வொன்றும் 23 அம்பியருக்கு மேல் சுமக்கிறது. கழற்றியவுடன் அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், தோசைக்கல் மாதிரிச் சுடும். அந்தச் சூடுதான் பற்றரியின் ஆயுளைக் குறைக்கிறது. முதிரைப் பலகையை நாள் முழுவதும் சீவும் ஒருவர் மின் சீவுளியைப் பற்றரிக்கு மாற்றினால், இரண்டாவது வருடத்தில் கருவி புதிதாக இருக்கும், பற்றரி கிழடாகிவிடும். புதுப் பற்றரி இரண்டின் விலையில் நல்ல வயர்ச் சீவுளியே வாங்கலாம் என்னும்போது இந்த மாற்றத்தில் என்ன இலாபம் இருக்கிறது?

வயர் இழுப்பதில் உள்ள குறைக்கும் மருந்து உண்டு. பலர் 1 சதுர மில்லிமீற்றர் வயரை 50 மீற்றர் நீளத்துக்கு இழுத்து, 7 அம்பியர் இழுக்கும் வட்டவாளை அதில் மாட்டிவிட்டு, வாள் திணறுகிறது என்று குறைப்படுகிறார்கள். அந்த வயரில் 12 வோல்ட் வழியிலேயே போய்விடும், 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் 5 வோல்ட்டுக்குள் அடங்கும். ட்ரிப் சுவிட்ச் வழியாக எடுத்த இணைப்பும் தடித்த வயரும் இருந்தால், விடுதி வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு அதுவே போதுமானது.

கிண்ணியாப் படகுத் திருத்துநர்:
வயர்மன் ஐயாவின் கணக்கில் பிழையில்லை, ஆனால் ஆறு நிமிடம் விடாமல் முழுப் பாரத்தில் கிரைண்டர் பிடிப்பவர் யார்? துருப்பிடித்து இறுகிய 12 மில்லிமீற்றர் போல்ட் ஒன்றை அறுக்கப் பத்து வினாடி போகும். பிறகு அடுத்த போல்ட்டுக்கு நகர்ந்து, படுத்து, கண்ணாடியைத் துடைத்து, தட்டின் காவலைத் திருப்ப வேண்டியிருக்கும். இப்படி ஒரே நிரப்பலில் முப்பது போல்ட்டுக்கு மேல் அறுக்கிறேன். வேலையின் இடைவெளிகளே பற்றரிக்கு ஓய்வாகின்றன. ஓடாவி தம்பியின் விடுதி வேலையும் அப்படித்தான்: ஒரு கதவுக்கு மூன்று கீல், எட்டோ பத்தோ துளை, பூட்டுக்கு ஒரு குடைவு. அதற்காக மூன்றாம் மாடிக்கு 50 மீற்றர் தடித்த வயரைத் தோளில் சுமந்து ஏறும் நேரத்தில் ஒரு கதவைப் பொருத்தி முடித்துவிடலாம்.

திரியாய்க் கமக்காரன்:
வெளிவேலை என்று பேசும்போது மரம் அறுக்கும் வாளைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் எங்கள் ஊருக்கும் குச்சவெளிக்கும் இடையில் கரை ஏறியபோது, மறுநாள் காலையில் தோட்டத்துப் பாதையை அடைத்துக் கிடந்த மரங்களை நான் பெற்றோல் வாளால்தான் வெட்டி அகற்றினேன். மின்சாரம் இல்லாத நாட்களில் பற்றரி தீர்ந்தால் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. போத்தலில் பெற்றோல் இருந்தால் வாள் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், அந்தப் பெற்றோல் வாள் வருடத்தில் பதினொரு மாதம் சும்மா கிடக்கும். டூ ஸ்ட்ரோக் என்பதால் லீற்றருக்கு 20 மில்லிலீற்றர் ஒயில் அளந்து கலந்து, பாவித்து முடிந்ததும் தாங்கியை வெறுமையாக்கி வைக்காவிட்டால், பழைய பெற்றோல் கார்புரேற்றரில் பிசினாக இறுகி, தேவைப்படும் நாளில் இழுத்து இழுத்துக் கைதான் வலிக்கும். கிளை வெட்டவும் வேலிக் கதியால் சீராக்கவும் இப்போது பற்றரி வாளையே எடுக்கிறேன். பொத்தானை அமர்த்தியவுடன் ஓடுகிறது. முழு மரத்துக்குப் பெற்றோல், கிளைக்குப் பற்றரி என்பது என் வழக்கம்.

பாலையூற்று இளைஞன்:
எனக்கு நேர்ந்ததையும் சொல்கிறேன். நகரத்துக் கடை ஒன்றில், பெட்டியில் 88 வோல்ட் என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட ட்ரில், இரண்டு பற்றரியோடு மலிவாகக் கிடைத்தது. மூன்று மாதத்தில் ஒரு பற்றரி சார்ஜ் ஏற மறுத்தது. ஸ்குரூ நான்கையும் கழற்றித் திறந்து பார்த்தபோது உள்ளே ஐந்தே ஐந்து செல் வரிசையாக இருந்தது. மறு வரிசைக்கான குழிகள் வெறுமையாக இருந்தன. கடைக்காரர் மாற்றித் தரவில்லை. இருந்தாலும் மற்றப் பற்றரியோடு அந்த ட்ரில்லை வீட்டில் இன்னும் பாவிக்கிறேன். பெயர்பெற்ற நிறுவனத்தின் ஒரு பற்றரி விலைக்கு எனக்கு முழுத் தொகுதியும் கிடைத்தது. மாதத்தில் நாலு துளை போடுபவனுக்கு அது நட்டமென்று நான் நினைக்கவில்லை.

சீனக்குடா வயர்மன்:
தம்பி, உங்கள் பற்றரியில் ஒரு போதும் 88 வோல்ட் இருந்ததில்லை. லிதியம் அயன் செல் ஒன்றின் சராசரி அழுத்தம் 3.6 வோல்ட், முழுதாக நிரம்பினால் 4.2 வோல்ட், ஐந்து செல் தொடராக இருந்தால் 18, நிரம்பிய கணத்தில் 21, அவ்வளவுதான். கடையிலேயே மல்டிமீற்றரை வைத்தால் ஒரு நொடியில் உண்மை தெரிந்துவிடும். சிலர் 18 என்றும் சிலர் 20 என்றும் சிலர் 21 என்றும் எழுதுவது ஒரே ஐந்து செல்லைத்தான். எடையும் காட்டிக்கொடுக்கும்: இந்தப் பற்றரிகளில் பெரும்பாலும் போடப்படும் 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளமுள்ள செல் ஒன்று ஏறத்தாழ 45 கிராம் இருக்கும். 5 அம்பியர் மணி என்று எழுதப்பட்ட, அந்தச் செல் போட்ட பற்றரி அரைக் கிலோவை எட்டாவிட்டால் உள்ளே பத்து செல் இல்லை.

நட்டத்தை விட எனக்குக் கவலை தருவது வேறொன்று. மலிவுப் பற்றரிகள் பலவற்றில் செல்களைச் சமப்படுத்தும் சுற்று இருப்பதில்லை. ஒரு செல் மட்டும் அளவுக்கு மேல் நிரம்பித் தீப்பிடிக்க வழியுண்டு. அதனால் அதை இரவில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். மெத்தை, மரத்தூள், தின்னர் எதற்கும் பக்கத்தில் வைக்காதீர்கள்.

ஓடாவி தம்பிக்கும் ஒரு முக்கியமான எச்சரிக்கை. கனடாவில் விற்கும் சார்ஜர் 120 வோல்ட்டுக்கு உரியது. இங்கே நேரே மாட்டினால் அந்த இடத்திலேயே கருகிவிடும். டிவோல்ட் நிறுவனம் அங்கே 20 வோல்ட் என்றும் மற்ற நாடுகளில் 18 வோல்ட் என்றும் விற்பது ஒரே வரிசையைத்தான் என்பதால், பற்றரியை அங்கே வாங்கினாலும் சார்ஜரை 230 வோல்ட்டுக்கு இங்கே வாங்கலாம். உதிரிப் பற்றரிகளை உங்கள் தம்பி கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், பெட்டியில் போட்டு அனுப்பக்கூடாது. விமானத்தில் 100 வாட் மணி வரை தடையில்லை. 5 அம்பியர் மணி என்றால் 90, அது சரி. 6 அம்பியர் மணி என்றால் 108 ஆகிவிடும், விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

உப்புவெளி ஓடாவி:
சார்ஜர் விடயம் எனக்குத் தெரிந்திருக்கவே இல்லை, ஐயா. இன்றிரவே தம்பிக்குச் சொல்லிவிடுகிறேன். நிறுவனத்தைத் தெரிவு செய்வதில் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

கிண்ணியாப் படகுத் திருத்துநர்:
கருவியைப் பார்த்துத் தெரிவு செய்யாதீர்கள், பற்றரியைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். முதல் பற்றரி எந்த வரிசையோ, பத்து வருடத்துக்கு நீங்கள் அந்த வரிசைக்குள்தான். ஒரே பெயர் என்பதற்காக எல்லாம் பொருந்திவிடாது. பொஷ்ஷின் நீல நிறக் கருவிக்குப் பச்சை நிறக் கருவியின் பற்றரி சேராது. மகிட்டாவின் 40 வோல்ட் பற்றரி அதே நிறுவனத்தின் 18 வோல்ட் கருவியில் ஏறாது. மகிட்டா 18 வோல்ட் லிதியம் வரிசையை 2005 இல் கொண்டுவந்தது, அது இன்றும் தொடர்கிறது. இப்படி நீண்ட காலம் நிலைத்த வரிசைக்கு மாற்றுப் பற்றரி தேடி அலைய வேண்டியிருக்காது.

எங்கள் கரைக்குரிய பராமரிப்பும் உண்டு. உப்புக்காற்று பற்றரியின் செப்பு முனைகளில் பச்சையாகப் பூக்கும்; வாரத்துக்கு ஒரு தடவை பற்றரியைக் கழற்றிவிட்டு இரண்டு பக்கத்து முனைகளையும் உலர்ந்த பல்துலக்கியால் தேய்த்துவிடுகிறேன். சூடான கச்சான்காற்று வீசும் மாதங்களில் பூட்டிய வான் வாகனத்துக்குள் பற்றரியை விட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போகக்கூடாது. கடலுக்குப் போகாத வாடை மாதங்களில் வேலை குறைந்தால், பாதியளவு சார்ஜில் வீட்டுக்குள் குளிர்ந்த இடத்தில் வைத்துவிடுவேன். அப்படி வைத்த என் மூன்று பற்றரிகளில் இரண்டு நான்காவது வருடத்தைத் தாண்டியும் உழைக்கின்றன.

சீனக்குடா வயர்மன்:
மூன்றில் ஒன்று நான்கு வருடத்துக்குள் போய்விட்டது என்பதையும் தம்பி கணக்கில் எடுக்க வேண்டும். இன்னொன்று நானாவுக்கு: காபன் பிரஷ் இல்லாத மோட்டர் என்பதற்காக, எளிதில் தீப்பற்றும் அசிற்றோன் திறந்திருக்கும் இடத்தில் கிரைண்டர் ஓட்டாதீர்கள். இரும்பில் தட்டுப் படும்போது பறக்கும் பொறிக்கு வயரும் ஒன்றுதான், பற்றரியும் ஒன்றுதான்.

உப்புவெளி ஓடாவி:
இருவர் சொன்னதையும் வைத்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். ட்ரில், ஸ்குரூ முடுக்கும் இம்பக்ட், கிரைண்டர் மூன்றையும் பற்றரியில் வாங்குகிறேன். 5 அம்பியர் மணிப் பற்றரி இரண்டைத் தம்பி கைப்பையில் கொண்டுவருவான், சார்ஜரை இங்கே வாங்குவேன். மின் சீவுளி வயரிலேயே இருக்கட்டும். வட்டவாள் பற்றித்தான் மனம் ஒரு பக்கம் சாய மறுக்கிறது.

கிண்ணியாப் படகுத் திருத்துநர்:
வட்டவாளையும் பற்றரியில் வாங்குங்கள் என்றே இன்னும் சொல்கிறேன். உக்கிய கூரை மரத்தை ஏணியில் நின்று அறுக்கும்போது வயர் காலில் மாட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். என் மருமகனிடம் 18 வோல்ட் வட்டவாள் ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை காலை அதையும் நிரப்பிய பற்றரி ஒன்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் பட்டறைக்கு வருகிறேன். உங்கள் மரத்திலேயே அறுத்துப் பாருங்கள்.

சீனக்குடா வயர்மன்:
கடினமான முதிரையில் அறுக்க வேண்டும், தேக்கில் வேண்டாம். எத்தனை அடி அறுத்த பிறகு பற்றரி நிற்கிறது என்பதை அளந்து எழுதிக்கொள்வோம். அதே வாள் பிளேட்டை மாட்டி உங்கள் வயர் வாளிலும் ஒரு தடவை அறுப்போம். நானும் மல்டிமீற்றரோடு வருகிறேன்.

உப்புவெளி ஓடாவி:
ஆறடி நீளத்தில் இரண்டு அங்குல முதிரைப் பலகை மூன்றை எடுத்து வைத்துவிட்டேன். பழைய ஆணி எதுவும் உள்ளே இல்லை என்பதைக் காந்தம் வைத்துப் பார்த்திருக்கிறேன். எட்டு மணிக்கு வாருங்கள்; அதற்குப் பிறகு கூரைத் தகரம் சூடேறிவிடும்.