சொற்களும் பாஸ்ஃபிரேஸும் சரி, ஆனாலும் முகவரி வேறாக வருகிறது

நூல்கண்டு:
பிறருடைய பிட்காயினைப் பாதுகாக்கும் கஸ்டடி வேலைக்காக, நெட்வொர்க்கே இல்லாத கணினியில் ஓடும் ஒரு கட்டளை வரிக் கருவி எழுதிக்கொண்டிருக்கிறோம். வாலட்டை மீட்கும் 24 சொற்களையும், அவற்றுடன் சேரும் கூடுதல் கடவுச்சொல்லான பாஸ்ஃபிரேஸையும் வாங்கிக்கொண்டு, கேட்ட பாதைக்கான (கீ மரத்தில் ஒரு கீயின் இடத்தைச் சொல்லும் எண்வரிசை) கீயைத் தரவேண்டும், அவ்வளவுதான். பாஸ்ஃபிரேஸ் இல்லாமல் ஓட்டினால் ஹார்டுவேர் வாலட் (கீயை உள்ளே வைத்திருக்கும் தனிச் சாதனம்) காட்டும் அதே முகவரி வருகிறது. பாஸ்ஃபிரேஸை எக்கோ கட்டளை வழியாகப் பைப் செய்தால் (அதன் வெளியீட்டைக் கருவிக்கு உள்ளீடாக அனுப்பினால்) வேறு முகவரி, பிழைச்செய்தி எதுவும் இல்லை. எங்கே பார்ப்பது? அப்புறம், கணக்குப் பிரிவின் சர்வருக்கு எக்ஸ்பப் (கீழுள்ள முகவரிகளை உருவாக்க உதவும் பொதுக் கீ) கொடுக்கலாமா?

கற்றாழை:
எக்கோதான். அது கடைசியில் ஒரு புதுவரிக் குறியைச் சேர்த்து அனுப்பும், நீங்கள் வெட்டாவிட்டால் அதுவும் பாஸ்ஃபிரேஸில் சேர்ந்துவிடும். சொற்களிலிருந்து சீட் (எல்லாக் கீகளுக்கும் மூலம்) எடுக்கும் பிப்-39 தரத்தில் செக்சம் (தவறைப் பிடிக்கும் சரிபார்ப்பு) சொற்களுக்கு மட்டும்தான்; பாஸ்ஃபிரேஸாக எதைக் கொடுத்தாலும் பிபிகேடிஎஃப்2 என்ற கணக்கு 2048 சுற்று ஓடி ஏதோ ஒரு சீட் வந்து நிற்கும், அதனால்தான் பிழை வரவில்லை. பைப்பே வேண்டாம். கட்டளை வரியில் அடித்த ரகசியம் ஷெல் ஹிஸ்டரியில் தங்கிவிடும், ஆர்க்யுமென்டாகக் கொடுத்தால் ஓடும் நிரல்களைக் காட்டும் பிஎஸ் பட்டியலிலும் தெரியும். எழுத்து திரையில் தெரியாதபடி கருவியே கேட்டு வாங்கட்டும்.

பாதையையும் பாருங்கள், அது இதைவிட மோசம். பல கையொப்பம் கேட்கும் மல்டிசிக்குக்கு எம்/48'/0'/0'/2' என்று மேற்கோளுக்குள் போடாமல் அடித்தால், நான்கு ஒற்றைக்குறிகளையும் ஷெல் விழுங்கிவிட்டு எம்/48/0/0/2 என்று கருவியிடம் கொடுக்கும். ஒற்றைக்குறி காட்டும் ஹார்டண்ட் பாதை (பொதுக் கீயை வைத்துக் கீழே போக முடியாதது) சாதாரணப் பாதையாகிவிடும், அதற்கும் ஒரு பிழையும் வராது. எம்/84'/0'/0' என்றால் குறிகள் மூன்று, ஷெல் மூடும் குறிக்காகக் காத்து நிற்கும், தெரிந்துவிடும். குறிக்குப் பதிலாக எச் எழுத்தை ஏற்றுக்கொள்ளுங்கள், ஆவணங்களிலும் அப்படியே எழுதுங்கள்.

மணல்மேடு:
எக்ஸ்பப் பற்றி: அக்கவுன்ட் நிலையில் எடுத்ததைக் கொடுக்கலாம், அதை வைத்து முகவரிகளைப் பார்க்க முடியும், செலவு செய்ய முடியாது. ஆனால் அதற்கு நேர் கீழே ஹார்டண்ட் இல்லாத ஒரே ஒரு பிரைவேட் கீ வெளியே போனாலும், அதையும் எக்ஸ்பப்பையும் வைத்து ஒரு கழித்தல் கணக்கில் மேலே உள்ள பிரைவேட் கீயை எடுத்துவிடலாம். அதனால் தனி பிரைவேட் கீயை ஏற்றுமதி செய்யும் வசதியை உங்கள் கருவியில் வைக்கவே வேண்டாம். சோலானா நாணயத்துக்கும் இதே எக்ஸ்பப் ஏற்பாட்டை நினைத்திருந்தால் நடக்காது, ஸ்லிப்-10 என்ற கீ எடுக்கும் முறையில், அது பயன்படுத்தும் எட்25519 கையொப்பத்துக்கு ஹார்டண்ட் பாதை மட்டும்தான்.

வரப்பு:
சொற்களையும் இந்தக் கருவியே உருவாக்குகிறதா? அப்படியென்றால் ரேண்டம் எண் எங்கிருந்து வருகிறது என்பதை இயங்குதள மூலம் வரை போய்ப் பாருங்கள். லிப்பிட்காயின் எக்ஸ்ப்ளோரர் என்ற பிட்காயின் கட்டளை வரிக் கருவியின் 3.x பதிப்புகளில் சீட் கட்டளை வெறும் 32 பிட் நேரத்தை வைத்து மெர்சென் ட்விஸ்டர் என்ற ரேண்டம் எண் கணக்கை ஓட்டியது, 2023-இல் அதனால் பலருடைய பணம் போனது. 24 சொற்கள் இருந்தும் உள்ளே இருந்தது 32 பிட்தான்.

நூல்கண்டு:
புதுவரிதான், ஹெக்ஸில் கடைசியில் 0ஏ இருக்கிறது. சொற்களை ஹார்டுவேர் வாலட்தான் உருவாக்குகிறது. கருவியே கடைசி வெற்றிடங்களை வெட்டிவிட்டால் போதுமா?

கற்றாழை:
வேண்டாம், வேண்டுமென்றே இடைவெளி வைத்தவரின் பாஸ்ஃபிரேஸ் மாறிப்போகும். கடைசி ஒற்றைப் புதுவரியை மட்டும் கண்டால் பிழை சொல்லி நிறுத்துங்கள். கீ தருவதற்கு முன் மாஸ்டர் ஃபிங்கர்பிரின்ட்டின் (மூலக் கீயின் சுருக்க அடையாளம்) 8 ஹெக்ஸ் எழுத்துகளைக் காட்டி, இயக்குபவர் ஹார்டுவேர் வாலட்டுடன் ஒப்பிட்டு ஆம் என்றால் மட்டும் மேலே போகட்டும்.