திரும்பத் திரும்ப விழுறவன் நற்கருணை வாங்கலாமா?

உப்புவெளிப்பெடியன்:
பேர் சொல்ல விருப்பமில்ல, திருகோணமலை தான். தவக்காலம் தொடங்கேக்க குடிய விடுறன் எண்டு பாலையூற்று மாதா கோயில்ல மெழுகுதிரி கொளுத்தி நேர்ந்தனான், ஒரு மாதம் பிடிச்சுக்கொண்டு இருந்தன், பிறகு ஒரு செத்தவீட்டில பெடியளோட சேந்து திரும்பவும் தொடங்கிட்டன், அதோட மனிசி அலுமாரிக்குள்ள வச்சிருந்த சீட்டுக் காசில 12,000 எடுத்திட்டன், அவ இன்னும் எண்ணிப் பாக்கேல்ல. இப்ப ஞாயிறுப் பூசையில எல்லாரும் நற்கருணை அப்பம் வாங்கப் போகேக்க நான் வெளிய மோட்டர்சைக்கிளடியில நிக்கிறன். பாவத்த அறிக்கையிடப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனா அதே பங்குச் சுவாமிட்ட (குருவானவரிட்ட) அதே கதைய நாலாம் தரம் சொல்லோணும், வெக்கமாக் கிடக்கு. கடவுள் எத்தின தரம் பொறுப்பார்?

கரவலை:
தம்பி, இயேசுவின்ர சீடர் பேதுருவும் எங்கட மீன்பிடித் தொழில் ஆள் தான். யோவான் 18இல கரிநெருப்பில குளிர் காஞ்சுகொண்டு நிண்டு தானே இயேசுவ தெரியாது எண்டவர், அந்தக் கரிநெருப்பு திரும்ப 21ஆம் அதிகாரத்தில கடற்கரையில வருது, இந்தமுறை மூட்டினது இயேசு, மேல மீன் வெந்துகொண்டு கிடக்கு. ஏன் அப்பிடிச் சொன்னனி எண்டு ஒரு சொல்லும் கேக்கேல்ல, வாங்கோ சாப்பிடுங்கோ எண்டார். அதுக்குப் பிறகு தான் என்னில அன்பா இருக்கிறியா எண்டு மூண்டு தரம் கேட்டது. இரவு முழுக்க ஒண்டும் படாம கரைக்கு வாறவனுக்கு ஆரோடயும் முகம் குடுத்துக் கதைக்க மனம் வராது, நானும் டச்பேக் கடற்கரையில அப்பிடி எத்தினயோ விடியல் வந்தனான், அந்த நேரம் ஒருத்தர் சாப்பிட வா எண்டா எப்பிடி இருக்கும் எண்டு யோசிச்சுப் பாரும்.

சின்னக்கா:
அதெல்லாம் சரி, அந்தச் சீட்டுக் காசு? பைபிள்ல வாற வரி தண்டுற சகேயு, இயேசு தன்ர வீட்டுக்கு வந்த சந்தோசத்தில, ஏமாத்தி எடுத்தத நாலத்தனையாத் திருப்பித் தாறன் எண்டவன். உங்கட மனிசி எண்ணிப் பாக்கேல்ல எண்டு நினையாதீங்கோ, சீட்டுக் காச எண்ணாத பொம்பிளய நான் இன்னும் காணேல்ல. என்ர அவரும் இப்பிடி ஒருக்கா எடுத்தவர், தானாச் சொல்லுவார் எண்டு நான் ஒரு மாதம் வாய் திறக்காம இருந்தனான், அந்த மாதம் தான் எனக்கு வலிச்சது, காசு போனது இல்ல.

மெதடிஸ்ட்காரன்:
நாங்கள் வேற சபை, உங்கட கத்தோலிக்க ஒழுங்கில முதல் பாவசங்கீர்த்தனம், பிறகு தான் நற்கருணை எண்டு தெரியும், அதால போங்கோ. சுவாமிக்கு உங்கட கதை புதுசா இருக்காது, ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொல்லிப் பேதுருவுக்குச் சொன்னதும் இயேசு தானே. இன்னொண்டு, கனகாலம் குடிச்ச ஆள் திடீரெண்டு விட்டா கை நடுக்கம், வலிப்பு கூட வரலாம், ஆசுப்பத்திரியில சொல்லிட்டு விடுங்கோ, அதில ஒரு விசுவாசக் குறைவும் இல்ல.

உப்புவெளிப்பெடியன்:
இரவு மனிசிட்டச் சொன்னனான். சின்னக்கா சொன்னது தான் நடந்தது. 12,000 எடுத்தன் எண்டன், "13,000" எண்டா. நான் தான் பிழையா எண்ணியிருக்கிறன். சனிக்கிழமை பின்னேரம் சுவாமிட்டப் போறன், அவவும் வாறாவாம்.