மறுமொழி: அலைவடிவ ‘இன்வெர்ஷன்’ – தலைகீழாக்கம் அல்ல, பின்கணக்கு

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

நிலநடுக்க அலையின் பதிவிலிருந்து பூமியின் உள்ளமைப்பைக் கணக்கிடும் முறை ‘ஃபுல் வேவ்ஃபார்ம் இன்வெர்ஷன்’. அதற்குத் தமிழில் ‘முழு அலைவடிவத் தலைகீழாக்கம்’ என்று நம் குழுமத்தின் சென்னை ஐயா நேற்று முன்மொழிந்திருந்தார். முதல் இரண்டு சொற்களை அப்படியே ஏற்கிறேன். கடைசிச் சொல்தான் எனக்கு ஒப்பவில்லை.

2007 செப்டம்பர் 12, இரவு ஏழு மணியைத் தாண்டியிருக்கும். சிங்கப்பூரின் பீடோக்கில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி வீடு) புளோக்கின் பன்னிரண்டாம் மாடி. சாமி மாடத்தில் சங்கிலியில் தொங்கிய தூக்கு விளக்கு தானாக ஆடத் தொடங்கியது. காற்றில் ஆடுவதுபோல் படபடவென்று இல்லை; மெதுவாக, ஊஞ்சல் போல. எண்ணெய் ஒரு பக்கமாகச் சாய்ந்து சொட்டியது. அம்மா தமக்குத் தலைசுற்றுகிறது என்று நினைத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார். சுமத்ராவின் பெங்கூலு பக்கம் 8.4 அளவில் நிலநடுக்கம். அவ்வளவு தூரம் வருவதற்குள் குறுகிய அலைகள் வழியிலேயே அடங்கிவிடும். நெடிய அலைகள்தான் நம்மூர் வரை வந்து உயரமான கட்டடங்களை ஆட்டும்.

விளக்கு எந்த நொடியில் ஆடத் தொடங்கியது என்பதை மட்டும் வைத்து, அலை கடந்துவந்த பாறையின் தன்மையைக் கணக்கிடுவது பழைய முறை. இந்தப் புதிய முறையோ எவ்வளவு அகலமாக ஆடியது, எங்கே வேகம் மாறியது, எப்படி அடங்கியது என்று அசைவு முழுவதையும் கணக்கில் எடுக்கிறது. ‘முழு’ என்ற சொல் அதனால் கட்டாயம் வேண்டும்.

இனி கடைசிச் சொல். நிலநடுக்கமானியில் கம்பிகளை மாற்றி இணைத்துவிட்டால் பதிவு உண்மையாகவே தலைகீழாகும்; முகடு பள்ளமாகிவிடும். ‘தலைகீழாக்கம்’ என்றால் துறையில் இருப்பவருக்கு அந்தக் கோளாறுதான் நினைவுக்கு வரும். ‘நேர்மாறு’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். தமிழ்நாட்டுக் கணிதப் பாடநூலில் நேர்மாறு அணி (‘இன்வெர்ஸ் மேட்ரிக்ஸ்’) உண்டு, ஆனால் அது ஓர் அணிக்கு ஒன்றே ஒன்றுதான். இங்கே ஒரே பதிவுக்கு ஒத்துப்போகும் உள்ளமைப்புகள் பல இருக்கலாம். அந்தச் சொல் இல்லாத உறுதியைத் தந்துவிடும். ‘மீள்கணிப்பு’ அழகான சொல்தான். ஆனால் சிங்கப்பூர்ச் செய்திகளில் கணிப்பு என்றாலே நாளைக்கு மழையா என்பதுதான். நிலநடுக்கத்தை முன்கூட்டியே சொல்லும் வித்தை என்று மக்கள் நம்பிவிட்டால் பெரிய தொல்லை.

ஆகவே என் பரிந்துரை ‘பின்கணக்கு’. பூமியின் உள்ளமைப்பு இப்படி என்று வைத்துக்கொண்டு, அதில் அலை எப்படிப் போகும் என்று கணினியில் கண்டுபிடிப்பது முன்கணக்கு. பதிவிலிருந்து உள்ளமைப்புக்குப் போவது பின்கணக்கு. இரண்டும் சோடியாக நிற்கும்.

இன்னொரு பொருத்தமும் உண்டு, என்னைக் கவர்ந்தது அதுதான். 1980களில் புவி இயற்பியலாளர் டரன்டோலா போன்றோர் வகுத்த வழியில், முன்கணக்கு தந்த அலைக்கும் பதிவான அலைக்கும் உள்ள வேறுபாட்டைக் கருவி இருக்கும் இடத்திலிருந்தே, காலத்தைத் திருப்பி, கணினியில் பூமிக்குள் பின்னோக்கி அனுப்புகிறார்கள். அதுவும் முன்னே போன அலையும் எங்கெங்கே ஒத்து விழுகின்றனவோ அங்கே நாம் வைத்துக்கொண்ட உள்ளமைப்பு மாதிரியைத் திருத்த வேண்டும். அப்புறம் மறுபடி முன்கணக்கு, மறுபடி திருத்தம். ‘பின்’ என்பது இங்கே வெறும் உவமையே இல்லை, அலை நிசமாகவே பின்னால் ஓடுகிறது.

‘பிறகு தீர்க்க வேண்டிய கடன் கணக்கு’ என்று யாராவது பொருள் கொள்வார்களோ என்ற ஐயம் எனக்கும் வந்தது. ‘அலைவடிவ’ என்ற அடைமொழி முன்னால் இருந்தால் அந்தக் குழப்பம் வராது. ஒரு வாக்கியத்தில் போட்டுப் பார்க்கிறேன்: “2015இல் நிலநடுக்கவியலாளர்கள் ஸ்காட் பிரெஞ்சும் பார்பரா ரோமனோவிச்சும் அலைவடிவப் பின்கணக்கின் வழியாக, ஹவாய், ஐஸ்லாந்து போன்ற இடங்களுக்குக் கீழே ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழத்தில், பூமிக்கருவின் விளிம்பிலிருந்தே எழும் அகலமான வெப்பத் தூண்களைக் காட்டினார்கள்.” எனக்கு இது இடறாமல் போகிறது. வாய்விட்டு வாசித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

கூடவே ‘சைக்கிள் ஸ்கிப்பிங்’. கணக்கிட்ட அலை பதிவிலிருந்து அரைச் சுற்றுக்கு மேல் விலகியிருந்தால், கணினி பக்கத்து முகட்டைச் சரியான முகடு என்று பிடித்துக்கொள்ளும். திருத்தம் முழுக்கத் தவறான திசையில் போகும். நெடிய அலைகளில் தொடங்கிப் படிப்படியாகக் குறுகிய அலைகளுக்கு வருவது இதைத் தவிர்க்கத்தான். இதற்கு ‘முகடு மாறாட்டம்’ என்பேன். ஆள்மாறாட்டம் தெரிந்தவருக்கு விளக்கமே வேண்டாம்.

மேலே சொன்ன பின்னோக்கி ஓடும் அலையை ஆங்கிலத்தில் ‘அட்ஜாய்ன்ட்’ என்பார்கள்; அதற்கு மட்டும் தமிழ்ச் சொல் எனக்குப் பிடிபடவில்லை. பாடநூலில் ‘சேர்ப்பு அணி’ இருக்கிறது, ஆனால் அது வேறு பொருள். பின்னோக்கி ஓடும் அந்த அலைக்கு ‘இணையலை’ சரிவருமா? யாழ்ப்பாணத்து நண்பர்கள் இலங்கை வழக்கில் என்ன சொல்கிறார்கள் என்று எழுத வேண்டும்.

அன்புடன்,
பீடோக்கிலிருந்து