புதுப்பிப்பு: அந்த டீசல் வண்டியைப் பார்த்துவிட்டு வந்தேன்

பழைய பிஎஸ்6 (புகை மாசு விதி) டீசல் காம்பேக்ட் எஸ்யூவி ஒன்றை, 2020 மாடல், வாங்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடி தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போய், இன்ஜின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்து பார்த்தோம். புகை, சத்தம் எதுவும் தப்பாக இல்லை.

கிளட்ச்தான் காட்டிக்கொடுத்தது. நாலாவது கியரில் மெதுவாகப் போகும்போது மெக்கானிக் ஆக்சிலரேட்டரை மொத்தமாக அழுத்தினார். ஆர்பிஎம் முள் விறுவிறுவென ஏறியது, வண்டி அதே வேகத்தில் போனது. கிளட்ச் பிளேட் தேய்ந்து வழுக்குகிறதாம். அது ஒட்டிச் சுழலும் சக்கரமான ஃப்ளைவீலும் சேர்ந்து போயிருந்தால் செலவு எங்கேயோ போய்விடும். ஸ்பீடு பிரேக்கரில் முன்பக்கம் ‘டொக்’ என்றது லோயர் ஆர்ம் புஷ், அதாவது சஸ்பென்ஷனில் இருக்கும் ரப்பர். அது சின்னச் செலவு, விடுங்கள்.

எனக்கு நெருடியது டிபிஎஃப், அதாவது டீசல் புகையில் வரும் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி. அதில் சேரும் கரி எரிய, நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் கொஞ்ச நேரமாவது ஓட வேண்டும். இந்த வண்டியோ ஊருக்குள்ளேயே சுற்றியது. ஸ்கேனர் மாட்டினால் கரி அளவு ஏகத்துக்கு இருக்கிறது. “வார்னிங் லைட் எதுவும் எரியலையே சார்” என்றார் விற்பவர். எப்படி எரியும்? எரர் கோடுகளை அழித்து வைத்திருக்கிறார்கள்.

டயரில் 0920, அதாவது 2020ஆம் ஆண்டின் 9ஆவது வாரம். கம்பெனி போட்ட அதே டயர், பக்கவாட்டில் வெடிப்பு வேறு.

அட்வான்ஸ் கொடுக்கவில்லை. என் ஓட்டமும் ஆபீஸ், கடைத்தெரு அளவுதான் என்பதால் இனி பெட்ரோல் வண்டியாகவே பார்க்கிறேன்.