கணக்கெடுப்பு வேண்டாம், மாரியெண்ணல் என்போம்

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம்.

மட்டக்களப்பு மாவட்டத்துக் குடும்பிமலை அடிவாரத்தில் தை மாதம் நடக்கும் தொண்டர் பறவை எண்ணும் வேலைக்கு "மலையகக் குளிர்காலப் பறவைக் கணக்கெடுப்பு" என்று பெயர் வைக்கலாம் என அண்ணன் எழுதியிருந்தார். ஆங்கிலத்தின் அப்லாண்ட், வின்டர், கவுண்ட் மூன்றையும் அவர் அப்படித் தமிழாக்கியிருக்கிறார். ஆனால் அவற்றை வாவிக்கு மேற்கேயுள்ள நம் படுவான்கரைக்குக் கொண்டுவந்தால் மூன்றுமே இடறுகின்றன. அண்ணன் கோபிக்கக் கூடாது, காரணம் சொல்கிறேன்.

முதலில் மலையகம். இலங்கையில் இந்தச் சொல்லைக் கேட்டவுடன் யாருக்கும் நுவரெலியாவும் ஹட்டனும் தேயிலைத் தோட்டமும்தான் நினைவுக்கு வரும். அது ஒரு மக்களின் பெயராகவே ஆகிவிட்டது. அதைப் புல்லுமலைக்கும் குடும்பிமலைக்கும் போட்டால் படிவத்தைப் பார்ப்பவர் வேறு மாவட்டத்துக்குப் போய்விடுவார். நம் விவசாயிகளிடம் "மேட்டுநிலம்" என்ற சொல் இருக்கிறது. குளத்துத் தண்ணீர் ஏறாத நிலம், கச்சானும் சோளமும் மரவள்ளியும் போடுகிற நிலம், அதற்கு மேலே பற்றைக்காடு. வீட்டு வளவையும் சிலர் மேட்டுநிலம் என்பார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான், ஆனால் அதனால் நமக்கு நட்டமில்லை. உன்னிச்சை, உறுகாமம், நவகிரிக் குளங்களும் வாவியும் வயல் வட்டைகளும் ஒரு பக்கம், தண்ணீர் ஏறாத மிச்சமெல்லாம் மறுபக்கம். 1987இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஒவ்வொரு ஜனவரியிலும் அந்த முதல் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறது. நாம் செய்யப்போவது மறுபக்கம். எனவே பிரிக்கும் கோடு உயரம் அல்ல, தண்ணீர். மேட்டுநிலம் அதைச் சரியாகச் சொல்கிறது.

அடுத்தது குளிர்காலம். மட்டக்களப்பில் எது குளிர்காலம்? தை மாதத்து விடியச்சாமத்தில்கூட 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் கூடு கட்டும் ஆறுமணிக்குருவி இங்கே வந்து தங்குகிறது. பழுப்புக் கீச்சானும் கொடிக்கால் வாலாட்டியும் இன்னும் வடக்கேயிருந்து வருகின்றன. அவை விட்டுவந்த இடத்தில்தான் குளிர்காலம். வந்து இறங்கிய இடத்தில் வாடை வீசுகிறது, மழை கொட்டுகிறது, வேளாண்மை பச்சையாக நிற்கிறது. நம் ஆக்கள் அதை மாரி என்கிறார்கள். மாரி, கோடை என்று ஆண்டை இரண்டாகப் பிரித்துத்தான் இங்கே பயிரும் பட்டியும் நடக்கின்றன. தை பிறந்தால் மாரி முடிந்ததாகாதா என்று தங்கச்சி கேட்டிருந்தார். நம் பக்கம் தையிலும் மழை உண்டு, மட்டக்களப்பையும் அம்பாறையையும் மூழ்கடித்த 2011 வெள்ளம் ஜனவரியில்தான் வந்தது. எண்ணப்போகிற நாளில் ஆறு பெருகிப் பாதை அடைபடுமா என்பதுதான் நம் முதல் கவலை. அந்தக் கவலைக்கும் மாரி என்றுதான் பெயர்.

தமிழ்நாட்டு நண்பர்கள் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவை எண்ணுகிறார்கள். அதைப் பின்பற்றிப் "பொங்கல் எண்ணிக்கை" என்று வைக்கலாம் என இருவர் எழுதியிருக்கிறீர்கள். அழகான பெயர். ஆனால் நம்மோடு ஏறாவூரிலிருந்தும் ஓட்டமாவடியிலிருந்தும் முஸ்லிம் நண்பர்கள் வருகிறார்கள். அவர்களில் பலர் படுவான்கரையில் வயல் செய்பவர்கள், அந்தப் பற்றைக்காட்டை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள். மாரி இரு சாராரின் வயலிலும் ஒரே நாளில் பெய்கிறது. பெயரும் அப்படி இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இந்த வேலையின் மூலக்கதையிலும் ஒரு பண்டிகை உண்டு. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் அன்று அணி பிரிந்து கண்ணில் பட்ட பறவையையெல்லாம் சுடுவது ஒரு விளையாட்டாக இருந்தது. சுடுவதற்குப் பதில் எண்ணுவோம் என்று 1900இல் ஃபிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர் அழைத்தார். முதல் ஆண்டில் 25 இடங்களில் 27 பேர் எண்ணினார்கள். இன்று டிசம்பர் 14 முதல் ஜனவரி 5 வரை அது "கிறிஸ்துமஸ் பறவை எண்ணிக்கை" என்ற பெயரில் நடக்கிறது. அந்த மண்ணில் அந்தப் பெயருக்கு ஒரு காரணம் இருந்தது. அதே நாட்களில் நம் காட்டுப் பாதைகள் சேறும் தண்ணீருமாகக் கிடக்கும். நாளையும் பெயரையும் நம் மண்ணிலிருந்தே எடுப்போம்.

இனி நான் அதிகம் எழுத விரும்பும் சொல், கணக்கெடுப்பு.

முன்பு ஒரு முறை மலையடிக் கிராமம் ஒன்றில் விடியற்காலையில் நின்றோம். கையில் படிவம், கழுத்தில் தொலைநோக்கி. வாசல் கூட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா என்ன விடயம் என்று கேட்டார். "கணக்கெடுக்க வந்திருக்கிறோம், அம்மா" என்றேன். விளக்குமாற்றைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிப்போய் அடையாள அட்டையையும் ஒரு கோப்பையும் எடுத்துக்கொண்டு வந்தார். "வீட்டுத் திட்டமா தம்பி, வெள்ள நிவாரணமா?" என்று கேட்டார். கோப்புக்குள் பழைய பதிவுத் துண்டுகளையெல்லாம் அடுக்கி வைத்திருந்தார். எத்தனை தடவை எழுதிக் கொடுத்திருப்பார்! குருவி பார்க்க வந்தோம் என்று சொல்லி அவர் முகத்தைப் பார்க்க எனக்கு மிகவும் சங்கடமாகப் போனது. யுத்த காலத்திலும் அதற்குப் பிறகும் கணக்கெடுக்க வந்தவர்கள் அந்தச் சனத்தை எழுதிக்கொண்டு போனார்கள், காணியை எழுதினார்கள், மாட்டை எழுதினார்கள். கணக்கெடுப்பு என்ற சொல் அங்கே எதிர்பார்ப்பையோ பயத்தையோதான் கிளப்பும். இரண்டையும் கிளப்ப நமக்கு உரிமை இல்லை.

அடுத்த ஊரில் சொல்லை மாற்றினேன். "குருவி எண்ண வந்திருக்கிறம்." பட்டிக்காரர் ஒருவர் உடனே நின்று, "அப்ப இந்த நேரத்தில வந்து என்ன எண்ணப் போறீங்க? நாளைக்கு விடியச்சாமத்துல வாங்க" என்று சொல்லி, ஆறுமணிக்குருவி கூப்பிடும் பற்றையையும் காட்டித் தந்தார். அன்று முதல் எனக்கு "எண்ணல்"தான்.

பொருளும் அதுவே சரி. சென்சஸ் என்றால் ஒன்று விடாமல் முழுத் தொகையையும் அறிய முயல்வது. நம் அரசகரும மொழியில் அதற்குத் தொகைமதிப்பு என்ற சொல் ஏற்கனவே இருக்கிறது. நாம் காட்டில் உள்ள கீச்சான் எல்லாவற்றையும் எண்ணுவதில்லை. ஒரு பாதையில், ஒரு நேரத்தில், கண்ணிலும் காதிலும் பட்டதை எண்ணுகிறோம். அது எண்ணல். எண்ணி வந்த தொகை எண்ணிக்கை. செயலுக்கு ஒரு சொல், விளைவுக்கு ஒரு சொல்.

அப்புறம் சொற்களைச் சேர்ப்பதில் ஒரு சிக்கல். "மாரிப் பறவை எண்ணல்" என்று எழுதினால் மாரிக்கு வரும் பறவைகளை மட்டும் எண்ணுவதாகப் பொருள்படும். நாம் செண்பகத்தையும் மயிலையும் எண்ணுகிறோமே. மாரி பறவையோடு ஒட்டக் கூடாது, எண்ணலோடு ஒட்ட வேண்டும். ஆகவே "பறவை மாரியெண்ணல்". நாளைக்கு வைகாசியில் போனால் கோடையெண்ணல். வண்ணத்துப்பூச்சிக்காரரும் இதே சொல்லை எடுத்துக்கொள்ளலாம்.

வந்து போகும் பறவைகளுக்கு "இடம்பெயர் பறவை" என்ற சொல்லைத் தவிர்க்கும்படியும் கேட்கிறேன். இடம்பெயர்ந்தோர் என்றால் நம் மாவட்டத்தில் பள்ளிக்கூடத்து நிலத்தில் பாய் விரித்துப் படுத்த நம் ஆக்கள். பறவை தன் காலம் வந்தால் திரும்பிப் போகும். "வலசை" என்ற சொல் இருக்கிறது, அதைப் பழக்கத்துக்குக் கொண்டுவருவோம்.

கடைசியாக, எஃபர்ட், அதாவது எண்ணுவதற்குச் செலவான உழைப்பு. "முயற்சி" என்று போட்டிருக்கிறீர்கள். படிவத்தில் "முயற்சி: ........" என்று இருந்தால் பள்ளிப் பிள்ளை என்ன எழுதும்? நமக்கு வேண்டியது ஓர் அளவு. "அணி மணித்தியாலம்" என்று நேராகச் சொல்லலாம். சேர்ந்து நடக்கும் நாலு பேரும் ஓர் அணி, நாலு அணி அல்ல. இரண்டு அணி மூன்று மணித்தியாலம் நடந்தால் 6 அணி மணித்தியாலம். அதில் 12 கீச்சான் கண்டால் மணித்தியாலத்துக்கு 2. அடுத்த ஆண்டு நாலு அணி அதே மூன்று மணித்தியாலம் நடந்து 18 கண்டால் கூடிவிட்டது என்று மகிழ்ந்துவிடக் கூடாது, மணித்தியாலத்துக்கு ஒன்றரைதான். இந்தக் கட்டத்தை நிரப்பாத படிவம் எத்தனை பறவை எழுதியிருந்தாலும் அடுத்த ஆண்டோடு ஒப்பிட உதவாது. ஒன்றும் காணாமல் திரும்பிய மணித்தியாலத்தையும் எழுதத்தான் வேண்டும்.

ஆக, என் முன்மொழிவு "மேட்டுநிலப் பறவை மாரியெண்ணல்". வட்டத்துக்குத்தான் இன்னும் எனக்குச் சொல் அமையவில்லை. அமெரிக்க முறையில் 15 மைல் குறுக்களவுள்ள வட்டம் ஒன்றுக்குள் எண்ணுவார்கள். நாம் வட்டம் என்று எழுதினால் வயல்காரர் வட்டையையும் அதைக் கவனிக்கும் வட்டவிதானையையும் நினைப்பார், மற்றவர் தேர்தல் வட்டாரத்தை நினைப்பார். மலையடி ஆக்கள் தாங்கள் ஒரு நாளில் போய்த் திரும்பும் காட்டுப் பரப்புக்கு ஏதாவது பெயர் வைத்திருந்தால், தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். படிவம் மார்கழிக் கடைசியில் அச்சுக்குப் போகிறது.